ஒரு முறை தருவாள்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை எங்கள் தலைவர் திவாகர் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு குண்டு போட்டார். நாங்கள் செய்துகொண்டிருக்கும் 'கருங்கோட்டை' கணினி விளையாட்டில் ஐந்து வீரர்கள் இருக்கிறார்கள். வெளிவரும்போது நான்கு பேர்தான் இருப்பார்களாம். ஐந்தாவது ஆளுக்குப் படம் வரைந்து முடிக்க நாள் இல்லை. யாரைக் கழிப்பது என்று ஐந்து பேரையும் வைத்து விளையாடிப் பார்த்து ஓர் ஒப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். எழுதப்போவது நான்.

"கலாமணியக்காதான் இதுக்குச் சரி. அவங்களுக்கு யாரையுமே புடிக்காது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அறிக்கை முடியும் வரை வீரர்களை உருவாக்கியவர்கள் என்னிடம் தங்கள் வீரரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. நல்ல விதி. நான்கு வீரர்களை நிரந்தர ஆட்கள் செய்திருக்கிறார்கள், அதில் வில்லாளி திவாகரே செய்தது. ஐந்தாவது தண்ணீர்க்காரி. அவளைச் செய்தவன் மாதேஷ், சத்தியமங்கலத்துக்காரன், ஒப்பந்த ஆள். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. தண்ணீர்க்காரி போனால் அவனும் போக வேண்டியதுதான். இதைத் திவாகர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினோரு பேர் இருக்கிற அலுவலகத்தில் எதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது?

எனக்கென்ன வந்தது. என் வேலை விளையாட்டின் தமிழைப் பார்த்துக்கொள்வது. இவர்கள் எழுதிக் கொடுத்த தமிழைக் கண்கொண்டு பார்க்க முடியாது. தொள்ளாயிரம் வரியில் எங்கு பார்த்தாலும் டேர்ன், டேர்ன், டேர்ன். "ஒரு டேர்ன்ல ரெண்டு கட்டம் போவான்." பிப்ரவரியில் ஒரே அழுத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு டேர்ன்களையும் 'முறை' என்று மாற்றினேன். அன்றைக்கு மாதேஷ் மட்டும் கையைத் தூக்கினான். "அக்கா, முறைன்னு வெச்சா கொழம்பாதுங்களா?" என்றான்.

"தமிழ் தெரிஞ்சவங்களுக்குக் கொழம்பாது," என்றேன். அத்தோடு உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து வெள்ளைப் பலகையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். யார் வாயிலிருந்து டேர்ன் வந்தாலும் அவர் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு கோடு. திவாகருக்கு மட்டும் முப்பத்தொன்று.

ஜூன் 4, செவ்வாய்

ஐந்து பேரில் மூன்று பேரைச் சேர்த்துக் களத்தில் இறக்க வேண்டும். பத்து விதமாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு கூட்டணிக்கும் பத்துப் போர், ஆக நூறு போர். களம் முழுக்கக் கட்டம் போட்டிருக்கும். ஒரு சுற்றில் நம் ஆள் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யலாம், பிறகு எதிரிகள் செய்வார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. இதை விளக்க எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தார்கள், நான் ஒன்றாகச் சுருக்கினேன்.

முதலில் வாள்மறவன். மீசை, வாள், கூச்சல். முன்னால் ஓடுவான், அடிப்பான், பின்னால் யார் செத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கும் பெரியப்பாக்கள் இப்படித்தான். ஆனால் ஜெயித்துக் கொடுக்கிறான். இந்த உலகத்தில் இவனைப் போன்றவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

இடது பக்கக் கடைவாய்ப் பல் லேசாக வலிக்கிறது.

ஜூன் 6, வியாழன்

வில்லாளி. திவாகர் இவளுக்கு முதலில் வைத்த பெயர் வில்லி. வில் வைத்திருப்பவள் வில்லியாம். சீரியலில் மருமகள் பாயசத்தில் எதையோ கலப்பவள்தான் வில்லி என்று சொல்லி மாற்ற வைத்தேன்.

தூரத்திலிருந்து அடிப்பாள். நடுவில் ஒரு மரம் நின்றால் போதும், அம்மணிக்கு வேலை ஓடாது. மரம் நகரும் என்று காத்திருப்பவளைப் போல நிற்கிறாள். இவளைச் செய்தவர் எங்கள் தலைவர். ஆச்சரியமே இல்லை.

ஜூன் 7, வெள்ளி

கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு ஒன்பது போர். வாயெல்லாம் பிரியாணி வாசனை.

ஜூன் 10, திங்கள்

சூனியக்காரி. இரண்டு சுற்று முணுமுணுத்துவிட்டு மூன்றாவது சுற்றில் தீ மழை பெய்விப்பாள். சுற்றி இருக்கிற எல்லாரும் எரிவார்கள், நம் ஆட்களும் சேர்த்து. இன்று மட்டும் மறவன் நான்கு தடவை வெந்தான். பதினோரு வருடம் நான் வேலை பார்த்த நோட்ஸ் பதிப்பகத்தில் இவளை மாதிரியே ஒரு மேலாளர் இருந்தார். மாதக்கணக்கில் ஒன்றும் பேச மாட்டார், பேசினால் ஒரு பிரிவே காலியாகும்.

நான் இருந்தது மெய்ப்புப் பிரிவு. யாரோ ஒருவர் ஒரு தாளில் எதையோ எழுதிக் கொடுத்தார், நாங்கள் மூன்று பேர் வெளியே வந்தோம். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. இதை ஏன் இங்கே எழுதுகிறேன். பல் வலி.

ஜூன் 12, புதன்

கேடயக்காரன். நிற்பான், அடி வாங்குவான், மறுபடி நிற்பான். ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியாவது கதவைத் திறந்துவிடுவார். இருந்தாலும் இவன் நிற்கிற இடத்தை எதிரியால் தாண்ட முடிவதில்லை. சுவருக்குக் கொடுக்கிற மரியாதையை இவனுக்கும் கொடுக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

கடைசியாக அந்த மகராசி. தண்ணீர்க்காரி.

இடுப்பில் குடம். வாள் கிடையாது, வில் கிடையாது. யாரையும் அடிக்கத் தெரியாது. மூன்று அடியில் செத்துப்போவாள். இவளிடம் இருப்பது ஒரே ஒரு வித்தை. திரையில் அதன் விளக்கம் இப்படி வரும்: 'தண்ணீர்: பக்கத்தில் நிற்கும் தோழருக்கு ஒரு முறை தருவாள்.'

போர் முழுக்க ஒரே ஒரு முறை! அதில் தோழருக்கு ஏறும் உயிர் இரண்டே புள்ளி. கொடுத்து முடித்ததும் இவளுக்கு வேலையே இல்லை. மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மற்ற இருவரை வைத்து ஆடினேன். தோற்றேன். மறுபடி ஆடினேன், மறுபடி தோற்றேன். விருந்தாளி மாதிரி மூலையில் நின்று அவள் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு அந்த மாதேஷ் நான்கு மாதம் சம்பளம் வாங்கியிருக்கிறான்.

ஜூன் 17, திங்கள்

தண்ணீர்க்காரி இருக்கிற போர்களில் பிழைக்கு மேல் பிழை. பதிவேட்டில் இரண்டு ஏற்றினேன்.

ஒன்று: தண்ணீர் கொடுத்த பிறகும் அந்தப் பொத்தான் அணையாமல் அடுத்த சுற்றிலும் எரிகிறது.

இரண்டு: ஒரே சுற்றில் வாள்மறவன் இரண்டு தடவை அடிக்கிறான்.

மதியத்துக்குள் இரண்டுக்கும் மாதேஷின் பதில் வந்துவிட்டது. 'பிழை இல்லை.' அவ்வளவுதான். ஒரு விளக்கம் கிடையாது, ஒரு மரியாதை கிடையாது. அணையாத பொத்தான் பிழை இல்லையாம். கேட்டால் விதி என்பான், பேசக் கூடாது என்பான். தனக்கு வசதியாக இருக்கும்போது மட்டும் எல்லோருக்கும் விதி ஞாபகம் வரும்.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாதேஷ் வந்து நின்றான். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"ஏனுங்க்கா, பல்லு வலிங்களா? கன்னம் வீங்குனாப்ல இருக்குதுங்."

"உனக்கு என்ன வேணும்?"

"அந்தத் தண்ணி விசயம் ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறனுங்க்கா. அது வந்து…"

"விதி தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங். ஆனா அக்கா, எந்நேரமும் அவள மூலைலயே நிறுத்தீர்றீங்க. நீங்க ஆடறது பின்னாடி இருந்து எனக்குத் தெரியுதுங். பக்கத்துல கூட்டிட்டுப் போனீங்கன்னா…"

"சொல்லிக் குடுத்துப் பாஸ் பண்றதுக்கு இதென்ன டியூசனா? போ, போய் உன் வேலையப் பாரு."

போய்விட்டான். போகும்போது, "சத்தியமங்கலத்துல இருந்து வீட்டைக் காலி பண்ணிட்டு வந்து மூணு மாசந்தானுங்க்கா ஆச்சு," என்றான். பரிதாபத்தைக் காட்டி மதிப்பெண் வாங்கப் பார்க்கிறான். நான் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை.

பாட்டில் நிரம்பி வழிந்து புடவை நனைந்தது.

ஜூன் 20, வியாழன்

தண்ணீர்க்காரி: இன்று ஏழு போர், ஒரு வெற்றி. அதுவும் எதிரி தவறியதால்.

ஜூன் 23, ஞாயிறு

மாவு அரைத்தேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். பல் டாக்டரிடம் போகலாம் என்று செருப்பு வரைக்கும் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டார் என்று திரும்பி வந்தேன். இருப்பாராம், மத்தியானம் வரை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. நான் இருந்த பிரிவைப் பற்றி எழுதியவர் இப்படி உட்கார்ந்திருந்தாரா, அல்லது டீ குடிக்கிற நேரத்தில் எழுதி முடித்தாரா என்று ஒரு யோசனை. வேண்டாத யோசனை. நான் நூறு போர் ஆடியிருக்கிறேன். அந்த ஆள் எங்கள் அறைக்குள் ஒரு நாள்கூட வந்ததில்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் 24, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று.

ஒவ்வொருவரும் அறுபது போரில் இருந்தார்கள். வாள்மறவன் நாற்பத்தொரு வெற்றி. சூனியக்காரி முப்பத்து மூன்று. கேடயக்காரன் இருபத்தொன்பது. வில்லாளி இருபத்து நான்கு. தண்ணீர்க்காரி பதினான்கு.

கடைசிப் பத்தியை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது: 'தண்ணீர்க்காரி போரில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு, அவள் இருந்தால் ஒரு கட்டம் அடைபடும் என்பதே. இவளை நீக்குவதால் விளையாட்டுக்கு இழப்பில்லை.'

திவாகர் படித்துவிட்டு, "அக்கா, செம," என்றார். வெள்ளிக்கிழமை கூட்டம். அதில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டும், நான் அறிக்கையை வாசிக்க வேண்டும், முடிவு அங்கேயே.

மாதேஷ் இன்று என்னைப் பார்த்து வணக்கம் வைக்கவில்லை. வைக்காவிட்டால் போகிறது.

ஜூன் 26, புதன்

காலையில் கன்னம் பூரி மாதிரி ஆகிவிட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு பல் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் பதினேழு, உள்ளே போயிருப்பது எட்டு. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சுவரில் இருந்த சிரிக்கும் பல் படத்தைக் கிழிக்கலாம் போலிருந்தது.

பக்கத்தில் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், மடியில் காய்கறிப் பை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஒம்பது யாருங்க? உங்க டேர்ன், வாங்க," என்றாள்.

அந்த அம்மா என் கையைத் தட்டினார். "எம்பட டேர்ன நீங்க எடுத்துக்குங் கண்ணு. எனக்குச் சும்மா க்ளீனிங்தான். நீங்க போங்."

"பரவால்லீங்க, நீங்க…"

"அட, போங்கொ! பாக்கவே முடீல."

போனேன். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைக் கண்ணுக்கு நேரே வைத்தார்கள். வாய் திறந்திருந்தாலும் என் பழக்கம் சும்மா இருக்குமா? அந்த அம்மா சொன்னதை உள்ளுக்குள் திருத்த ஆரம்பித்தேன். டேர்ன் இல்லை அம்மா, முறை. தன் முறையை எனக்குத் தந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு முறை தந்தார். பக்கத்தில் நிற்கும் தோழருக்கு ஒரு முறை தருவாள்.

அய்யோ.

"வலிக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார். இன்னும் ஊசியே போடவில்லை.

மாதேஷ் எழுதிக் கொடுத்தது என்னவாக இருந்திருக்கும்? 'பக்கத்து ஆளுக்கு ஒரு டேர்ன் குடுப்பா.' நான் குடுப்பாவைத் தருவாள் ஆக்கினேன். டேர்னை முறை ஆக்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. நான்கு மாதம் கழித்து என் வரியை நானே படித்து, ஒரு தடவை என்று எடுத்துக்கொண்டேன். அவள் போருக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுப்பவள் இல்லை. தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளை இன்னொரு தரம் ஆட வைப்பவள், ஒவ்வொரு சுற்றிலும். அதனால்தான் பொத்தான் அணையவில்லை. அதனால்தான் மறவன் இரண்டு தடவை அடித்தான். பிழை இல்லை, பிழை இல்லை என்று அவன் இரண்டு தரம் எழுதினான். நானோ அவளை மூலையில் நிறுத்தினேன்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வெளியே வந்தபோது அந்த அம்மா என் டோக்கனை வைத்துக்கொண்டு பதினேழுக்காகக் காத்திருந்தார். வாயில் பஞ்சு. நன்றிகூடச் சொல்ல முடியவில்லை, கையை மட்டும் கூப்பினேன்.

ஜூன் 27, வியாழன்

அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் ஆறாவது களத்தைத் திறந்தேன். தண்ணீர்க்காரியை வைத்துக்கொண்டு நான் ஒன்பது தடவை தோற்ற களம். இந்தத் தடவை அவளை மூலையில் நிறுத்தவில்லை, மறவன் முதுகோடு ஒட்டி நடத்தினேன். அவன் அடித்தான், அவள் தண்ணீர் கொடுத்தாள், அவன் மறுபடி அடித்தான். அடுத்த சுற்றில் கேடயக்காரனுக்குக் கொடுத்தாள். தட்டுத்தடுமாறித்தான் ஆடினேன், ஆனாலும் ஜெயித்தேன்.

மாதேஷ் முதலில் எழுதிக் கொடுத்த வரியையும் தேடி எடுத்தேன். என் ஊகம் சரி. 'பக்கத்து ஆளுக்கு ஒரு டேர்ன் குடுப்பா.' ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இது யாருக்கும் தெரியாது. அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு நாளைக்கு அறிக்கையை வாசித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பொறுப்பாக வேலை செய்யும் கலாமணியக்காவாகவே இருக்கலாம். நாலு மாதமாகச் சிவப்புக் கோடு போட்டவள் எழுந்து நின்று, நான் எழுதிய தமிழ் எனக்கே புரியவில்லை என்று சொல்வதா? திவாகர் ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே பிடுங்கின இடம் வலிக்கிறது.

மாதேஷ் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தான். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சார்ஜர், மகள் வரைந்த படம் ஒன்று, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். குடம் அவளைவிடப் பெரிது. இன்னும் கூட்டமே நடக்கவில்லை, அதற்குள் இவனுக்கு என்ன அவசரம்? முட்டாள்.

பதிப்பகத்தில் அந்தத் தாளை எழுதியவர் மறுநாள் தன் தப்பைக் கண்டுபிடித்திருந்தால்? கண்டுபிடித்தும் சும்மா இருந்திருந்தால்? இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

கிழிக்கவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம். பெரிய திரையில் விளையாட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். படம் வரைபவர்கள் பத்து நிமிடம் பேசினார்கள், ஒலிக்காரர் பத்து நிமிடம் பேசினார், ஒன்றும் காதில் ஏறவில்லை. மாதேஷ் கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திவாகர் என் பக்கம் திரும்பினார். வெள்ளைப் பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "அக்கா, இப்ப உங்க முறை."

எழுந்தேன். "என் டேர்ன மாதேஷுக்குக் குடுக்கறேன்," என்றேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அறிக்கைக்காக இல்லை, அந்தச் சொல்லுக்காக.

"என்னங்க்கா சொன்னீங்க?" என்றார் திவாகர்.

"டேர்ன். டேர்ன்தான் சொன்னேன். முறைன்னு சொன்னா ஒரு தடவைன்னு எடுத்துக்குவாங்க. நானே அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கு நான் எழுதின வரி தப்பு. அதை நம்பி ஆடின அறுபது போரும் தப்பு. அறிக்கையும் தப்பு. அவ தண்ணி மட்டும் குடுக்கறதில்ல, பக்கத்து ஆளுக்கு இன்னொரு டேர்ன் குடுக்கறா. எனக்கு அவளை ஆடத் தெரியலை. தெரிஞ்சவன் அங்க உக்காந்திருக்கான். என் பத்து நிமிசத்தை அவன் எடுத்துக்கட்டும்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மாதேஷ் எழுந்து வந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாக, "இதத்தானுங்க்கா பதினெட்டாந் தேதி சொல்ல வந்தேன்," என்றான். குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

ஆறாவது களம். மறவன், கேடயக்காரன், தண்ணீர்க்காரி. நான் தட்டுத்தடுமாறி ஒன்பது சுற்றில் ஜெயித்ததை அவன் நான்கே சுற்றில் முடித்தான். அவள் ஒருவரைக்கூட அடிக்கவில்லை. யாருக்குப் பக்கத்தில் போய் நின்றாளோ அவன் இரண்டு ஆளானான். கடைசிச் சுற்றில் இன்னும் ஓர் அடி விழுந்தால் செத்துவிடுவாள் என்றிருந்தபோது கேடயக்காரனுக்குக் கொடுத்தாள், அவன் அவள் முன்னால் வந்து நின்றுகொண்டான். அந்தச் சுவரைப் பற்றி நான் என்னவெல்லாம் எழுதியிருந்தேன்.

திவாகர் என் அறிக்கையை எடுத்து, எண்களை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. வில்லாளி, இருபத்து நான்கு. அவர் செய்தவள்.

"சரி. வில்லாளி அடுத்த வருசம் வரட்டும்," என்றார். "மாதேஷ், அந்த இழுப்பறைச் சாமானெல்லாம் மறுபடி வெச்சிடுப்பா." அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்ன மனிதரோ.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். மாதேஷ் வாசலில் நின்று, "அக்கா, டீ வாங்கியாரட்டுங்களா?" என்றான். பல் பிடுங்கியிருக்கிறது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, அதுகூடத் தெரியாதா என்று திட்டி அனுப்பினேன். பிறகு அந்த வரியைத் திறந்து எழுதினேன்: 'தண்ணீர்: தன் டேர்னை விட்டு, பக்கத்தில் நிற்கும் தோழருக்கு இன்னொரு டேர்ன் தருவாள்.' கண்றாவியாக இருக்கிறது. ஆனால் புரிகிறது. மிச்சம் முந்நூற்றுப் பதினொன்றையும் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பலகைக்குப் போனேன். பத்துப் பெயர் இருந்தது. என் பெயரை நான் எழுதவே இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே கலாமணி என்று எழுதி, எதிரே கோடு போட்டேன். எத்தனை தரம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். நாலு.

நாலும் போட்டேன்.